பாடநூலுக்கு வெளியே படிக்க வேண்டியவை: மின்பொறியியலுக்குள் நுழைபவர்களுக்கு

துணைமின் நிலையங்களில் பாதுகாப்பு ரிலேக்களை (பழுதைக் கண்டு மின்பாதையைத் துண்டிக்கச் சொல்லும் கருவிகளை) அமைப்பதும் சோதிப்பதும் என் வேலை. புதிதாக வந்து சேரும் இளம் பொறியாளர்களில் பெரும்பாலோர் கணக்கில் கெட்டிக்காரர்கள். ஆனால், தாங்குதிறனுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரு மின்பாதை ஏன் டிரிப் ஆனது, அதாவது தானாகத் துண்டிக்கப்பட்டது, என்று கேட்டால் திகைத்துவிடுகிறார்கள். பாடநூலில் மின்பாதை என்பது வெறும் கோடு. உண்மையில் அந்தக் கம்பி சூடானால் நீண்டு தாழும். அதன் கீழே மரம் வளரும். என்ன படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் தருவது ஒரு விசாரணை அறிக்கை.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் ஏற்பட்ட மின்தடையால் சுமார் 5 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். இரு நாடுகளும் அமைத்த கூட்டுக் குழுவின் இறுதி அறிக்கை 2004 ஏப்ரலில் வெளியானது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். அன்று பிற்பகல் ஒஹையோவில் ஒரு கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் சத்தமில்லாமல் செயலிழந்தது. திரையில் எச்சரிக்கை எதுவும் வராததால் எல்லாம் சரியாக இருப்பதாகவே பணியில் இருந்தவர்கள் நம்பினார்கள். பிறகு, 15:05 முதல் 15:41 வரை, மூன்று 345 கிலோவோல்ட் மின்பாதைகள் மரங்களில் உரசி ஒன்றன்பின் ஒன்றாக டிரிப் ஆயின. முதலில் டிரிப் ஆன பாதை தன் தாங்குதிறனில் பாதியைக்கூட எட்டியிருக்கவில்லை.

16:05 வாக்கில் நடந்ததுதான் எனக்கு மிக முக்கியமானது. இன்னொரு 345 கிலோவோல்ட் பாதை டிரிப் ஆனது. அதில் மரம் உரசவில்லை, பழுது எதுவும் இல்லை. மற்ற பாதைகளின் சுமையெல்லாம் அதன்மேல் ஏறியதால் மின்னோட்டம் கூடியது, மின்னழுத்தம் சரிந்தது. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் வைத்துப் பழுது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்கும் தூரத்துரிலே, அந்த நிலையைத் தொலைவிலுள்ள பழுதாகவே கண்டது. தனக்குக் கொடுத்திருந்த அமைப்பின்படி அது சரியாகவே இயங்கியது. அடுத்த சில நிமிடங்களில் 500-க்கும் மேற்பட்ட மின்னாக்கிகள் நின்றுபோயின. இதைப் புரிந்து படித்தவர் ரிலே அமைப்பைப் பழைய தாளிலிருந்து அப்படியே நகலெடுக்கத் துணியமாட்டார். அறிக்கையின் ஐந்தாம், ஆறாம் அத்தியாயங்களையாவது படித்துவிடுங்கள்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. மின்பொறியாளர் ரால்ஃப் லீ 1982-இல் எழுதிய சில பக்கக் கட்டுரை, மின்வில்லால் (காற்றின் வழியே பாயும் மின்சாரத்தால்) உண்டாகும் தீக்காயங்களைப் பற்றியது. மின்சார ஆபத்து என்றாலே நம் நினைவுக்கு வருவது அதிர்ச்சிதான். ஆனால், கம்பியைத் தொடாமலே, சில அடி தள்ளி நிற்பவரையும் எரிக்கக்கூடியது மின்வில். அதன் வெப்பம் சூரியனின் மேற்பரப்பைவிட அதிகம். எத்தனை தூரத்தில் நின்றால் ஆறக்கூடிய காயம், எத்தனை தூரத்தில் ஆறாத காயம் என்று லீ கணக்கிட்டுக் காட்டினார். கணக்கிடும் முறைகள் பின்னாளில் மேம்பட்டுவிட்டன; இன்று பணியிடத்தில் நடப்புத் தரநிலைகளைத்தான் பின்பற்ற வேண்டும். ஆனாலும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் திறக்கும் நேரம் நீள நீள வெளிப்படும் ஆற்றலும் கூடும் என்ற அடிப்படை மனத்தில் பதிய வேண்டுமானால் மூலக் கட்டுரையையே படிக்க வேண்டும். மின்னோட்டமுள்ள மின்பலகையின் கதவைத் திறக்கப் போகிற எவரும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

வரலாறு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1858-இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் தந்திக் கேபிளின் கதையைப் படியுங்கள். டாம் ஸ்டாண்டேஜின் 'தி விக்டோரியன் இன்டர்நெட்' அதை நன்றாகச் சொல்கிறது. நீண்ட கேபிளில் சமிக்ஞை ஏன் மங்குகிறது என்பதை இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் முன்கூட்டியே கணித ரீதியாக விளக்கியிருந்தார். அதை ஏற்காத, கேபிள் நிறுவனத்தின் மின்வல்லுநர் வைல்ட்மேன் வைட்ஹவுஸ், மின்னழுத்தத்தைக் கூட்டினால் போதும் என்று சுமார் 2,000 வோல்ட் வரை செலுத்தினார். ஏற்கெனவே பழுதுபட்டிருந்த கேபிள் சில வாரங்களிலேயே செத்தது. அதற்குப் பிந்தைய கட்டத்துக்கு, தந்தி எழுத்தராக இருந்த ஆலிவர் ஹெவிசைட் பற்றிப் பால் நாகின் எழுதிய வாழ்க்கை வரலாறு இருக்கிறது. மின்காந்தவியலின் அடிப்படையான மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை இன்று நாம் எழுதும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அவர். மின்காந்தவியல் தேர்வை வெறுத்தவர்கள்கூட இதை விரும்பிப் படிப்பார்கள்.

எடிசனா டெஸ்லாவா என்று வீரர்களை மோதவிடும் புத்தகங்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவை தனிமனிதர்களைப் பெரிதாக்கி, பெரும் மின்னமைப்புகள் எப்படி உருவாகின்றன என்பதை மறைத்துவிடுகின்றன. தாமஸ் ஹியூஸ் 1983-இல் வெளியிட்ட 'நெட்வொர்க்ஸ் ஆஃப் பவர்' அந்தக் குறையைப் போக்கும். சிகாகோ, பெர்லின், லண்டன் ஆகிய மூன்று நகரங்களை ஒப்பிட்டு, ஒரே தொழில்நுட்பம் வெவ்வேறு அமைப்புகளாக வளர்ந்ததற்கு அரசியலும் பணமும் எப்படிக் காரணமாயின என்று காட்டுகிறது. கனமான நூல்தான், வேலையில் ஓராண்டு கழித்துப் படித்தால் இன்னும் நன்றாகப் பிடிபடும்.

மின்னணுவியல் பக்கம் போகிறவர்களுக்கு ஹோரோவிட்ஸ், ஹில் இருவரின் 'தி ஆர்ட் ஆஃப் எலக்ட்ரானிக்ஸ்' நூலைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2015-இல் வந்த மூன்றாம் பதிப்பை வாங்குங்கள். முந்தைய பதிப்பு கிடைத்தால், சரியாக வேலை செய்யாத சுற்றுகளையும் வரைந்து, ஏன் கூடாது என்று அவர்கள் சொல்லும் இடங்களைத் தவறவிடாதீர்கள்.

முதலில் சொன்ன மின்தடை விசாரணை அறிக்கையைப் பேனாவும் தாளுமாக உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். மின்பாதைகளை ஒற்றைக்கோட்டு வரைபடமாக வரைந்து, ஒவ்வொன்று டிரிப் ஆகும்போதும் நேரத்தைக் குறித்து, சுமை அடுத்து எங்கே போகும் என்று நீங்களே எழுதிய பிறகு பக்கத்தைத் திருப்புங்கள்.