தெருவில் பள்ளம், முனையில் தடுப்பு: யாரைக் கேட்பது? சென்னையின் சாலை வெட்டு, சாலை அடைப்பு விதிகள்

காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் தெருமுனையில் தடுப்பு. அந்தப் பக்கம் ஒரு ஜேசிபி, பாதிச் சாலை வரை குவித்த மண், கையை மட்டும் ஆட்டி "அப்படிப் போங்க" என்று சொல்லும் ஒரு ஆள். மாநகராட்சியின் புகார் எண் 1913-க்கு அழைத்தால் "அது மெட்ரோ வாட்டர் வேலை" என்கிறார்கள். மெட்ரோ வாட்டரில், அதாவது குடிநீர் வாரியத்தில் கேட்டால் "நாங்க மூடியாச்சு, தார் போடுறது கார்ப்பரேஷன்" என்கிறார்கள். இரண்டு பதிலும் உண்மையாகவே இருக்கலாம். ஒரு பள்ளத்துக்கு மூன்று பேர் பொறுப்பு: சாலைக்குச் சொந்தக்காரர், தோண்டுகிறவர், வண்டிகளைத் திருப்பிவிடும் போக்குவரத்துக் காவல்துறை. எந்தக் குறைக்கு யார் என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

சாலை யாருடையது

வீடுகள் இருக்கும் உள்தெருக்கள் மாநகராட்சியின் மண்டல அலுவலகத்துக்குக் கீழே வருகின்றன. வார்டு உதவிப் பொறியாளர்தான் உங்கள் ஆள். பேருந்து ஓடும் சாலை என்றால் மாநகராட்சியிலேயே அதற்குத் தனித் துறை: பேருந்து தடச் சாலைகள் துறை. அந்தச் சாலையைப் பற்றி வார்டு பொறியாளரிடம் மனு கொடுத்தால் அது மேசை மாறி மாறிப் போகும். ஆனால் பேருந்து ஓடுகிறது என்பதற்காக எல்லாம் மாநகராட்சிச் சாலை ஆகிவிடாது. அண்ணா சாலையும் ஜவாஹர்லால் நேரு சாலை என்ற 100 அடி சாலையும் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. ராஜீவ் காந்தி சாலை தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்திடம் இருக்கிறது. மதுரவாயல் புறவழிச்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. அதன் உதவி எண் 1033.

மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணி நடக்கும் சாலைகளில் இன்னொரு திருப்பம் உண்டு. வேலை முடியும்வரை அந்தப் பகுதிச் சாலையைப் பராமரிப்பது பல இடங்களில் மெட்ரோ நிறுவனத்தின் பொறுப்பு. தடுப்பை ஒட்டிய குழிக்கு முதல் புகார் அங்கேதான் போக வேண்டும்.

அனுமதி என்ற அந்தக் காகிதம்

மாநகராட்சிச் சாலையைக் குடிநீர் வாரியமோ மின்வாரியமோ தொலைத்தொடர்பு நிறுவனமோ வெட்ட வேண்டுமானால் முன் அனுமதி வாங்க வேண்டும். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு அகலம், மேலே இருப்பது தாரா கான்கிரீட்டா என்று கணக்கிட்டு, சாலையைப் பழையபடி ஆக்கும் செலவை மாநகராட்சி முன்கூட்டியே வசூலித்துக்கொள்ளும். தோண்டியவர் குழாயைப் பதித்து மண் மூடிவிட்டுப் போய்விடுவதும், தார் மட்டும் வராமல் கிடப்பதும் இந்த ஏற்பாட்டால்தான். காசு கட்டியாகிவிட்டது, வேலை வேறொருவர் தலையில். ஆகவே மண் மூடிய பிறகும் மேடு பள்ளமாகக் கிடந்தால் சாலைக்காரரைக் கேளுங்கள். மண்ணே மூடாமல் திறந்து கிடந்தால் தோண்டியவரைக் கேளுங்கள்.

வண்டிப் போக்குவரத்து பாதிக்கும் சாலையென்றால் போக்குவரத்துக் காவல்துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். முக்கியச் சாலைகளில் பெரும்பாலும் இரவு வேலைக்குத்தான் இசைவு கிடைக்கும். பட்டப்பகலில் காலை எட்டரை மணிக்கு ஜேசிபி நின்றால் அனுமதியில் குறித்த நேரம் என்ன என்று கேட்பதில் தவறே இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாநகராட்சி ஆண்டுதோறும் சாலை வெட்டுக்குத் தடை போடும். குழாய் உடைப்பு, சாக்கடை அடைப்பு போன்ற அவசர வேலைக்கு மட்டும் விலக்கு. அக்டோபர், நவம்பரில் புதிதாகக் கேபிள் பள்ளம் நீளமாக ஓடுகிறதென்றால், அது எந்த அவசரம் என்பதே முதல் கேள்வி.

வீட்டு இணைப்புக்கும் இதே விதிதான். பிளம்பர் "நைட்டோட நைட்டா வெட்டி மூடிடலாம் சார்" என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். மெட்ரோ வாட்டரில் முறையாக மனுச் செய்து, சாலை வெட்டுக் கட்டணத்தையும் கட்டி ரசீதை வைத்துக்கொண்டால், நாளை அதே இடம் உள்வாங்கினாலும் உங்கள் தலையில் விழாது.

பலகை இல்லாத பள்ளத்தை அடையாளம் காண்பது

யார் வேலை, எப்போது முடியும் என்று சொல்லும் பலகை இருக்க வேண்டும். பல இடங்களில் இருக்காது. அப்போது பள்ளத்துக்குள் எட்டிப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும். சாலையோரமாக ஒரு முழ அகலத்துக்கு நீளமாக ஓடும் பள்ளமும் பக்கத்தில் சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் குழாயும் கிடந்தால் பெரும்பாலும் இணையக் கேபிள். தடித்த கேபிளின் மேல் செங்கலோ ஓடோ வரிசையாக அடுக்கியிருந்தால் மின்சாரம். அதன் பக்கமே போகாதீர்கள். மஞ்சள் குழாய் என்றால் பெரும்பாலும் எரிவாயு. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், இரண்டு பக்கமும் மண் சரியாமல் முட்டுக் கொடுத்த பலகை, கீழே கறுத்த நீர் என்றால் பாதாளச் சாக்கடை. கம்பி கட்டிப் பெட்டி பெட்டியாகக் கான்கிரீட் போட்டால் மழைநீர் வடிகால், அதாவது பெரும்பாலும் மாநகராட்சியின் சொந்த வேலை.

ஒருவர் தோண்டும்போது இன்னொருவர் கேபிள் அறுபட்டு, அதைச் சரிசெய்ய அதே இடத்தில் மறுபடி தோண்டும் கூத்தும் நடக்கும். தோண்டுவதற்கு முன் நிலத்தடிக் கேபிள், குழாய் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் சொல்ல 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைக் கொண்டுவந்தது.

திருப்பிவிடுவதற்கும் சட்டம் உண்டு

சாலையை மூடுவதும் ஒருவழியாக்குவதும் காண்ட்ராக்டர் இஷ்டப்படி நடக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115-தான் இதற்கு அடிப்படை. மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ அரசிதழில் அறிவித்து வாகனங்களைத் தடுக்கலாம், கட்டுப்படுத்தலாம். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் தேவையில்லை. ஆனால் உள்ளூரில் சூழ்நிலைக்கு ஏற்ற அளவு விளம்பரம் கொடுத்தாக வேண்டும். ஆறு மாதமாக மூடிக் கிடக்கும் சாலைக்கு "எந்த அறிவிக்கையின் கீழ்?" என்று கேட்க இந்த ஒரு வரி போதும்.

சென்னையில் நடைமுறை இப்படி: முதலில் சோதனை அடிப்படையில் சில நாட்களுக்கு மாற்றம், பிறகு அதுவே நீடிப்பு. லஸ், பனகல் பார்க் பக்கம் மெட்ரோவுக்காகச் செய்ததைப் போல நிலத்தடி ரயில் நிலைய வேலை என்றால் வருடக் கணக்கில் ஆகும். மேலிருந்து கீழே பெட்டி போலத் தோண்டிக் கட்டி, கூரை போட்ட பிறகுதான் சாலை திரும்பக் கிடைக்கும். அங்கே "எப்போ திறப்பீங்க" என்று கேட்பதைவிட, நடைபாதை விட்டார்களா, ஆம்புலன்ஸ் உள்ளே வர வழி இருக்கிறதா, மாற்றுப் பாதையில் குழிகளை அடைத்தார்களா என்று கேட்பது பலன் தரும். நெரிசல் பெரும்பாலும் மூடிய சாலையில் வருவதில்லை. திருப்பிவிட்ட குறுகிய தெருவில், இரண்டு பக்கமும் நிறுத்திய கார்களுக்கு நடுவே மாநகரப் பேருந்து திரும்ப முடியாமல் நிற்கும் அந்த ஒரு வளைவில்தான் வருகிறது. அந்த வளைவில் 'வண்டி நிறுத்தக் கூடாது' பலகை வைக்கச் சொல்லி, படத்தோடு போக்குவரத்துக் காவல்துறைக்கு எழுதுங்கள். அவசரத்துக்கு 103.

தடுப்பு எப்படி வைக்க வேண்டும் என்பதற்கு சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் எஸ்.பி. 55 வழிகாட்டி இருக்கிறது. 50 கி.மீ. வேகத்துக்குள் வண்டி வரும் சாலையில் சுமார் 100 மீட்டர் எச்சரிக்கைப் பகுதி, அதையடுத்து சுமார் 50 மீட்டருக்குத் தடத்தைப் படிப்படியாகக் குறுக்கும் பகுதி, பிறகுதான் வேலை நடக்கும் இடம். நம் ஊரில் நடப்பது: பள்ளத்தின் விளிம்பிலேயே ஒரு தடுப்பு, அதில் ஒரு மரக்கிளை. பைக்கில் வருகிறவர் பார்க்கும்போது நேரம் கடந்திருக்கும்.

மூடிய பள்ளம் ஏன் மறுபடி உள்வாங்குகிறது

தோண்டிய மண்ணையே ஈரத்தோடு மொத்தமாகத் தள்ளி, மேலே ஜேசிபி பக்கெட்டால் நாலு தட்டுத் தட்டினால் மேல் அரை அடிதான் இறுகும். கீழே காற்றும் ஈரமும் அப்படியே இருக்கும். ஒரு மழை போதும், லாரிச் சக்கரம் அமிழ. சரியான முறையில் 15 முதல் 20 செ.மீ. அடுக்கடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் இடிக்க வேண்டும். அதன் மேல் ஜல்லிக் கலவை, அதன் மேல் தார். வெட்டின் ஓரங்களை நேராக அறுக்காமலும், ஒட்டவைக்கும் திரவமான தார்ப் பாலைப் பூசாமலும் ஒட்டுப் போட்டால் ஓரம் வழியாகத் தண்ணீர் இறங்கி ஒட்டு அப்படியே பெயர்ந்து வரும்.

தெரு முழுக்கப் புதிதாகத் தார் போட்டால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதியது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். சுரண்டாமல் போட்டால் சாலை உயரும், மழைநீர் உங்கள் வாசலுக்குள் வரும்.

புகார் எண்ணை ஏன் பத்திரப்படுத்த வேண்டும்

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த பிரிவு 198ஏ, சாலைத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிரிழப்போ உடல் ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்கிறது. அந்தப் பணம் அரசின் விபத்து நிதிக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு அல்ல. இழப்பீட்டுக்குத் தனியாக வழக்குப் போட வேண்டும். ஆனால் அந்தப் பிரிவில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது: சாலையின் நிலை ஆபத்தானது என்று பொறுப்பாளருக்குத் தெரிந்திருந்ததா, எச்சரிக்கைப் பலகை வைத்தார்களா என்பதை நீதிமன்றம் பார்க்க வேண்டும். "எங்களுக்குத் தகவலே வரவில்லை" என்ற பதிலை உடைப்பது நீங்கள் முன்பே போட்ட புகாரின் எண்தான். 1913-லோ 'நம்ம சென்னை' செயலியிலோ பதியும்போது கதவு எண், அருகிலுள்ள மின்கம்ப எண், பள்ளத்தின் நீளம், எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதைச் சொல்லுங்கள். பள்ளத்தை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்தால் எந்தத் தெரு என்றே தெரியாது. பின்னால் கடைப் பெயர்ப் பலகை தெரியும்படி எடுங்கள். யாராவது விழுந்து அடிபட்டால், அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். மறுநாளே பள்ளத்தை மூடிவிட்டால் சாட்சிக்கு அந்த ரசீதும் படமும்தான் மிஞ்சும்.

புகார் 'தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்து பள்ளம் அப்படியே இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்துக்குப் போகலாம். மனுவில் ரூ.10 கோர்ட் கட்டண வில்லை ஒட்டி, சாலைக்குச் சொந்தமான அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். "ஏன் மூடவில்லை" என்று கேட்காதீர்கள். காரணம் சொல்வது தகவல் ஆகாது என்று தட்டிவிடுவார்கள். சாலை வெட்டு அனுமதிக் கடித நகல், அதில் குறித்த தேதிகள், வசூலித்த தொகையின் ரசீது, காவல்துறைச் சான்றின் நகல், ஒப்பந்ததாரரின் பழுதுப் பொறுப்புக் காலம் (செய்த வேலை பழுதானால் அவரே சரிசெய்ய வேண்டிய காலம்) என்று ஆவணமாகக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாலும் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றுவது அவர்கள் கடமை. பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

இந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஜெ) பலருக்குத் தெரியாத ஒன்றையும் தருகிறது: நடக்கும் பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் உரிமை. தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து "போட்ட ஜல்லிக் கலவையின் மாதிரி வேண்டும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பள்ளம் மூடும் அன்று போய் நின்று பாருங்கள். ரோலர் தானாக வந்து சேரும்.