பணம் வராவிட்டால் என்ன செய்வது? யூஸ் கேஸ் எழுதும் விதம்

"ஏ.டி.எம். கேட்ட பணத்தைத் தர வேண்டும்." வங்கி தன் தேவையை இப்படி ஒரே வரியில் சொல்லிவிடலாம். மென்பொருள் எழுதுபவருக்கு இது போதாது. கணக்கில் பணத்தை எப்போது கழிப்பது? நோட்டு உள்ளேயே சிக்கிக்கொண்டால்? இந்தக் கேள்விகளை வேலை தொடங்கும் முன்பே கேட்க வைப்பதுதான் யூஸ் கேஸ்: ஒருவர் தன் வேலை முடிய ஒரு மென்பொருளை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று படிப்படியாக எழுதும் விவரிப்பு.

ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பக மென்பொருளில் வேலை செய்த இவார் ஜேக்கப்சன் 1980களில் இதற்கு வடிவம் கொடுத்தார். மென்பொருள் வடிவமைப்பைப் படங்களாக வரைவதற்கென 1997இல் வந்த யு.எம்.எல். தரத்திலும் இது இடம்பெற்றது.

முதலில், யார் எதற்காக வருகிறார் என்று எழுத வேண்டும். வாடிக்கையாளர் பணம் எடுக்க வருகிறார். 'பின் எண் இடுதல்' தனி யூஸ் கேஸ் ஆகாது. அதற்காக யாரும் ஏ.டி.எம்.முக்குப் போவதில்லை. அடுத்து, எல்லாம் சரியாக நடந்தால் என்ன ஆகும் என்பது: கார்டைச் செருகுகிறார், பின் எண் இடுகிறார், தொகையைச் சொல்கிறார், இயந்திரம் வங்கியிடம் அனுமதி வாங்கிப் பணம் தருகிறது. பொத்தான் எங்கே, என்ன நிறம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

இதுவரை சுலபம். அப்புறம்தான் உண்மையான வேலை. ஒவ்வொரு படியிலும் நின்று 'இது நடக்காவிட்டால்?' என்று கேட்க வேண்டும். பின் எண் தவறு. இருப்பு போதவில்லை. 700 ரூபாய் கேட்கிறார், உள்ளே 500 ரூபாய் நோட்டு மட்டுமே இருக்கிறது. கணக்கில் கழிந்துவிட்டது, பணம் வரவில்லை. பணம் வந்தும் அவர் எடுக்காமல் போய்விட்டார்.

பணம் வராத நிலையை மட்டும் பாருங்கள். பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் தொகையைத் திருப்பி வரவு வைக்க வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதி. ரிசர்வ் வங்கி ஏ.டி.எம். முன்னால் வந்து நிற்பதில்லை. ஆனாலும் அதன் அக்கறையும் இந்த ஆவணத்தில் பதிவாக வேண்டும். இதை நிரலாளர் தானாக ஊகிக்க முடியாது; வங்கிதான் சொல்ல வேண்டும். எளிய வாக்கியங்களில் எழுதியிருப்பதால் வங்கி அதிகாரியும் படித்துப் பார்த்து, "இங்கே தப்பு" என்று காட்ட முடியும்.

யூஸ் கேஸ் படத்தில் பயனருக்குக் குச்சி மனிதனையும் ஒவ்வொரு யூஸ் கேஸுக்கும் ஒரு நீள்வட்டத்தையும் வரைந்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்தப் படம் வெறும் பொருளடக்கம்தான். எத்தனை நொடியில் பதில் வர வேண்டும், ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தாங்க வேண்டும் போன்ற பொதுவான தேவைகளும் இதில் முழுதாக அடங்காது. அவற்றைத் தனியே எழுத வேண்டும். ஆனால் சோதனை செய்பவருக்குப் பாதி வேலை மிச்சம்: ஒவ்வொரு 'நடக்காவிட்டால்?' கேள்வியும் அவருக்குக் குறைந்தது ஒரு சோதனை.