சீனாவில் ஆசிரியர் வேலை: முதல் 24 மணி நேரமும் அதற்கு முந்தைய கேள்வியும்

நான்ஜிங் நகரப் பள்ளி ஒன்றின் பன்னாட்டுப் பிரிவில் நான்கு ஆண்டுகள் ஆங்கில வழியில் வேதியியல் கற்பித்தேன். சீனாவுக்கு ஆசிரியராகப் போக விரும்புவோர் என்னிடம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் சாப்பாடு, குளிர், மொழி ஆகியவை பற்றித்தான். அவை சில மாதங்களில் பழகிவிடுகின்றன. அவர்கள் கேட்க மறப்பது ஆவணங்களைப் பற்றி. அங்கே ஒருவர் நிம்மதியாக வாழ்வதும் வாழாததும் அவற்றைப் பொறுத்தே அமைகிறது.

நான் போய் இறங்கியது ஓர் ஆகஸ்ட் மாத இரவு. மறுநாள் காலையிலேயே பள்ளியின் அயலுறவு அலுவலர் என்னை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றபோது எனக்கு உள்ளூரச் சற்று அச்சமாகவே இருந்தது. ஆனால் அது வழக்கமான நடைமுறைதான். ஓட்டலில் தங்கினால் ஓட்டல்காரர்களே பதிவு செய்துவிடுவார்கள். வீட்டில் தங்கும் வெளிநாட்டவரோ 24 மணி நேரத்துக்குள் தம் இருப்பிடத்தைக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும் என்று 2013 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குடிவரவுச் சட்டம் சொல்கிறது. தவறினால் எச்சரிக்கையோடு 2,000 யுவான் வரை அபராதமும் விதிக்கப்படலாம். அங்கே தரும் சிறு தாளைத் தொலைத்துவிடாதீர்கள், ஏனெனில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். வீடு மாறினால் மீண்டும் பதிய வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த சிக்கல் என் பெயரால் வந்தது. தமிழர்களான நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் ஓரிடத்திலும் நம் பெயர் வேறிடத்திலும் நிற்கும், சிலருக்கு ஒரு கட்டமே காலியாக இருக்கும். வங்கி என் பெயரை இடைவெளி விட்டுப் பதிந்தது, தொலைபேசி நிறுவனம் இடைவெளியின்றிப் பதிந்தது. சீனாவில் செல்பேசி எண், வங்கிக் கணக்கு, வீசாட் (செய்தியும் பணமும் அனுப்ப உதவும் செல்பேசிச் செயலி) ஆகிய மூன்றும் ஒரே பெயரில் பொருந்தினால்தான் சீன வங்கிக் கணக்கிலிருந்து பணம் செலுத்தும் வசதி திறக்கும். காய்கறிக் கடைக்கார அம்மா முதல் பேருந்து வரை எல்லோரும் கியூஆர் குறியீட்டை நீட்டும் ஊரில், அந்த மூன்று வாரங்களும் பழைய ரூபாய் நோட்டை வைத்துக்கொண்டு நிற்பவரைப் போல நின்றேன். ஆகவே எந்த அலுவலகத்திலும் உங்கள் பெயரை எப்படிப் பதிகிறார்கள் என்பதைத் திரையில் பார்த்து, எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும்படி வற்புறுத்துங்கள். இப்போது வெளிநாட்டு வங்கி அட்டையை வீசாட், அலிபே (பணம் செலுத்தும் இன்னொரு செயலி) இரண்டிலும் இணைக்க முடிகிறது; ஆனால் இந்தியாவில் இவ்விரு செயலிகளும் 2020இல் தடை செய்யப்பட்டதால், சீனாவில் இறங்கியதும் அதைச் செய்துவிடுவது நல்லது. வாட்ஸ்அப்பும் கூகுளும் அங்கே முடக்கப்பட்டிருப்பதால், வீட்டிலிருப்போரோடு பேச வேறு வழி ஒன்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மழையில் மின்சார ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டு வீங்கியபோதுதான் மருத்துவமனையின் ஒழுங்கு புரிந்தது. அங்கே முதலில் 'குவாஹாவ்' எனப்படும் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும், பிறகுதான் மருத்துவரைப் பார்க்க முடியும். அவர் எழுதித் தரும் எக்ஸ்ரேவுக்குப் பணம் கட்டிய பின்பே எடுப்பார்கள். என் செல்பேசியில் மின்னூட்டம் தீர்ந்திருந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் தம் செல்பேசியிலிருந்தே கட்டிவிட்டு, "லாவ்ஷி, பிறகு தாருங்கள்" என்றார். ஆசிரியரை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். அந்த அன்பை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஆனாலும் பவர்பேங்கும், சிறிதளவு ரொக்கமும், 120 என்ற ஆம்புலன்ஸ் எண்ணும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

இவை எல்லாமே சமாளிக்கக்கூடியவை. நான் மிகவும் கவலைப்படுவது விசாவைப் பற்றி. சீனாவில் வேலை செய்ய வருபவருக்கு இசட் விசா வேண்டும். வேலை தருபவர் முதலில் வேலை அனுமதிக்கான அறிவிப்புக் கடிதத்தைப் பெற்று அனுப்ப வேண்டும். அதைக் காட்டி விசா வாங்கி, நாட்டுக்குள் வந்த 30 நாட்களுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். மொழி ஆசிரியர் தம் நாட்டின் தாய்மொழியையே கற்பிக்க வேண்டும் என்பது பொது விதி. ஆதலால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு ஆங்கில ஆசிரியராக முறையான அனுமதி கிடைப்பது அரிது. அறிவியலோ கணிதமோ கற்பிப்பவருக்கு வழி இருக்கிறது. இந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். "இப்போதைக்கு வணிக விசாவில் வாருங்கள், பிறகு மாற்றித் தருகிறோம்" என்பார்கள்.

என் நண்பர் ஒருவர் அந்தச் சொல்லை நம்பி ஒரு தனிப்பயிற்சி மையத்தில் ஆங்கிலம் கற்பித்தார். ஒரு சனிக்கிழமை வகுப்பின் நடுவே அதிகாரிகள் வந்தார்கள். அனுமதியின்றி வேலை செய்பவருக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். நிலைமை கடுமையானால் 5 முதல் 15 நாள் வரை காவலும் உண்டு. அபராதம் கட்டியபின் நாட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். மையத்தார் தொலைபேசியைக்கூட எடுக்கவில்லை. இரண்டு மாதச் சம்பளம் அப்படியே போயிற்று, அதைக் கேட்கக் கையில் ஓர் ஒப்பந்தமும் இல்லை.

விமானச் சீட்டு எடுக்கும் முன் அந்த அறிவிப்புக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். அதில் எழுதியுள்ள நிறுவனமும் பணியும் நீங்கள் உண்மையில் செய்யப்போகும் பணியோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஐயமிருந்தால் 12367 என்ற குடிவரவுத் துறை எண்ணில் ஆங்கிலத்திலேயே கேட்கலாம். கடிதத்தை அனுப்பத் தயங்குபவரிடம் உங்கள் பட்டச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் அனுப்பிவைக்காதீர்கள்.