அச்சக வேலையை விட்ட பிறகும் தொடரும் பரிசோதனை உரிமை: ஜப்பானின் பித்தநாளப் புற்றுநோய் விதிகள்

ஜப்பானில் அச்சு இயந்திரங்களைத் துடைக்கும் வேலை பார்த்தவர்கள், வேலையை விட்ட பிறகும் ஆண்டுக்கு இரண்டு முறை பித்தநாளப் புற்றுநோய்க்கான (கல்லீரலிலிருந்து பித்தநீரைக் கொண்டுசெல்லும் குழாயில் வரும் புற்றுநோய்) பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். 2013 அக்டோபரில் வந்த உரிமை இது. பணியில் இருப்பவர்களுக்கு முதலாளியே 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை ஏற்பாடு செய்ய வேண்டும். வேலையை விட்டவர்களுக்கு அரசு அந்தப் பொறுப்பை ஏற்கிறது.

இதன் பின்னணி வேதனையானது. ஒசாகாவில் இருந்த ஒரு ஆஃப்செட் அச்சகத்தின் ஊழியர்கள் பலருக்கு இந்தப் புற்றுநோய் வந்தது 2012-ல் வெளியே தெரிந்தது. பெரும்பாலும் முதுமையில் வரும் நோய், அவர்களை இளம் வயதிலும் நடுவயதிலும் தாக்கியிருந்தது. பிளாங்கெட்டில் (மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) ஒட்டும் மையைத் துடைக்கும் திரவத்தில் 1,2-டைகுளோரோபுரோப்பேன் என்ற ரசாயனம் இருந்தது. காற்றோட்டம் போதாத அறையில் அதைச் சுவாசித்தபடியே வேலை பார்த்திருக்கிறார்கள். சுமார் 4 ஆண்டுகளோ அதற்கு மேலோ இந்த ரசாயனத்தை அதிக அளவில் சுவாசித்ததுதான் காரணமாக இருக்க மிகப் பெரிய வாய்ப்பு என்று 2013 மார்ச்சில் தொழிலாளர் நல அமைச்சகத்தின் நிபுணர் குழு சொன்னது. அப்போது, அந்த அச்சகத்தில் வேலை பார்த்த 16 பேருக்கு வந்தது தொழில்நோய் என ஏற்கப்பட்டது.

சரி, யாருக்கு இந்த உரிமை? அந்த ரசாயனத்தைக் கொண்டு, உள்ளரங்கில் அச்சு இயந்திரங்களைச் சுத்தம் செய்யும் வேலையில் 2 ஆண்டுகளோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு. மாகாணத் தொழிலாளர் பணியகத்தில் விண்ணப்பித்தால் 'கென்கோ கான்ரி தெச்சோ' என்ற உடல்நலக் கையேடு தருவார்கள். அதைக் காட்டி, குறிப்பிட்ட மருத்துவமனைகளில் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

முதல் கட்டத்தில் அறிகுறிகளைக் கேட்பார்கள். அப்புறம் ரத்தத்தில் பிலிரூபின் (பித்தத்தில் இருக்கும் மஞ்சள் நிறமி), கல்லீரல் நொதிகள், சிஏ 19-9 (புற்றுநோய் இருந்தால் ஏறக்கூடிய ஒரு பொருள்) ஆகியவற்றைப் பார்ப்பார்கள். மருத்துவர் தேவை என்று கருதினால்தான் இரண்டாம் கட்டமாக வயிற்று அல்ட்ராசவுண்ட் போன்ற ஸ்கேன். இந்த இடத்தில் கொஞ்சம் விழிப்பாக இருங்கள். சிஏ 19-9 சாதாரணப் பித்த அடைப்பிலும் ஏறும். சிலருடைய உடலில் புற்றுநோய் இருந்தாலும் ஏறாது. மஞ்சள் காமாலை வரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். அதனால் ரத்த முடிவில் சின்ன மாற்றம் இருந்தாலும் ஸ்கேன் எடுக்கலாமா என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

பொதுவாக, கட்டி அடைக்கும் இடத்துக்கு மேலே பித்தநாளம் விரிந்து தெரியும். ஆனால் இந்த அச்சக ஊழியர்கள் சிலருக்குக் கட்டி அடைக்காத இடத்திலும் கல்லீரலுக்குள் நாளம் விரிந்திருந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். ஆகவே 'நாளம் லேசாக விரிந்துள்ளது, கட்டி இல்லை' என்று அறிக்கை வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. சாய மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி., நாளங்களின் முழு வரைபடத்தையும் காட்டும் எம்.ஆர்.ஐ. வகை ஸ்கேனான எம்.ஆர்.சி.பி. ஆகியவை அடுத்த படி. சந்தேகம் தீராவிட்டால் ஈ.ஆர்.சி.பி. மூலம், அதாவது வாய்வழியாக உள்நோக்குக் குழாயைச் செலுத்தி, நாளத்துக்குள் போய் செல்களைச் சுரண்டி எடுப்பார்கள். இந்தக் கட்டியில் நார்த்திசு அதிகம், செல்கள் குறைவாகவே கிடைக்கும். ஒருமுறை 'புற்றுநோய் இல்லை' என்று வந்தாலும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கலாம்.

நோய் உறுதியானால் தொழிலாளர் தரநிலை ஆய்வு அலுவலகத்தில் இழப்பீடு கோரலாம். 1,2-டைகுளோரோபுரோப்பேனால் வரும் பித்தநாளப் புற்றுநோயும், டைகுளோரோமீத்தேன் என்ற இன்னொரு ரசாயனத்தால் வரும் பித்தநாளப் புற்றுநோயும் 2013 அக்டோபர் முதல் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. கோரிக்கை ஏற்கப்பட்டால் சிகிச்சைக்கு நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, 4-வது நாளிலிருந்து, சராசரி ஊதியத்தில் சுமார் 80 சதவீதம் கிடைக்கும். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். விடுப்புக்கால உதவியைக் கோர 2 ஆண்டுகள், வாரிசுகளுக்கான உதவியைக் கோர 5 ஆண்டுகள் அவகாசம் உண்டு.

விண்ணப்பத்துக்கு எந்த ஆண்டு, எந்த அச்சகம், எந்தத் திரவம் என்ற வேலை விவரம்தான் உயிர்நாடி. ஓய்வூதியப் பதிவு, சம்பளச் சீட்டு என எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். அச்சகம் மூடிப்போயிருந்தால், கூட வேலை பார்த்தவர்களை இப்போதே தேடிப்பிடித்து எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.