திரும்பி வரத் தாமதித்த பாதம்

மருத்துவப் படிப்பின் இறுதியாண்டில் மெடிசின் போஸ்டிங்கில் (பொது மருத்துவப் பிரிவுப் பயிற்சியில்) இருந்தபோது, கடலூர் ஓ.டி.யிலிருந்து (ஓல்டு டவுன்) ஒரு அம்மா புதுச்சேரிக்கு வைத்தியம் பார்க்க வந்தார். மீன் விற்பவர். முகம் உப்பியிருந்தது, தோல் வறண்டிருந்தது. “தெருவுல கூவ முடியல தம்பி, தொண்டை கட்டிக்கிட்டே இருக்கு” என்றார். வேறோர் இடத்தில் ரத்தசோகை என்று சொல்லிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்தார்.

எங்கள் பேராசிரியர் அவரை நாற்காலியில் மண்டியிட வைத்து, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரைச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. ஆனால் பழைய நிலைக்குத் திரும்பும்போது மெதுவாக, தண்ணீருக்குள் அசைவதுபோல் வந்தது. ரத்தம் எடுப்பதற்கு முன்பே “தைராய்டு” என்றார் சார்.

அன்றைக்கே நாளமில்லாச் சுரப்பி மருத்துவம்தான் படிக்க வேண்டும் என்று முடிவுசெய்தேன். தசைச் செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பைகளிலிருந்து கால்சியம் வெளிவந்தால் தசை சுருங்கும். அதைத் திரும்ப உள்ளே இறைத்தால்தான் தளரும். அப்படி இறைக்கும் பம்புகளைப் போதிய அளவு உருவாக்கத் தைராய்டு ஹார்மோன் வேண்டும். ஹார்மோன் குறைந்தால் பம்புகளும் குறையும், பாதம் தாமதிக்கும். கழுத்திலிருக்கும் சுரப்பியின் பழுது குதிகாலில் தெரிகிறது!

அப்புறம் ரிப்போர்ட் வந்தது: தைராய்டு சுரக்கும் டி4 (தைராக்சின்) ஹார்மோன் குறைவு, டி.எஸ்.எச். மிக அதிகம். டி.எஸ்.எச். என்பது மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. டி4 கொஞ்சம் குறைந்தாலே அது பல மடங்கு ஏறிவிடும். கட்டளை உரக்க ஒலித்தும் வேலை நடக்கவில்லை என்றால் பழுது தைராய்டில். டி4 குறைந்தும் டி.எஸ்.எச். ஏறாமலே இருந்தால் சந்தேகம் பிட்யூட்டரி மேல் விழும். அங்கே அவசரப்படக் கூடாது. பிட்யூட்டரியின் கட்டளையால் சுரக்கும் கார்டிசால் ஹார்மோனும் குறைந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரையை முதலில் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. பழுது தைராய்டில் என்றாலும் பிட்யூட்டரியில் என்றாலும் அதே அசதிதான், ஆனால் வைத்தியத்தின் வரிசையே வேறு. இப்படி யோசித்து யோசித்துப் பழுதின் இடத்தைப் பிடிப்பதுதான் என்னை இழுக்கிறது.

அந்த அம்மாவுக்குப் பழுது தைராய்டில்தான். காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின், அரை மணி நேரம் கழித்துத்தான் டீ, இரும்புச்சத்து மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி என்று சொல்லி அனுப்பினோம். ரத்தத்தில் தைராக்சினின் அளவு பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். அதனால் புது டோஸ் ஒரு நிலைக்கு வரப் பல வாரம் பிடிக்கும். அடுத்த டெஸ்ட் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான்.

எட்டாவது வாரம் வந்தார். டி.எஸ்.எச். நன்றாக இறங்கியிருந்தது, டோஸை இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது. இந்த முறை சுத்தியலை என்னிடம் கொடுத்தார் சார். தட்டினேன். பாதம் முன்னைவிட வேகமாகத் திரும்பியது. “இப்ப கூவுறது ரெண்டு தெருவுக்குக் கேக்குது தம்பி” என்றார் அந்த அம்மா.