மாட்டுக்குப் போடும் வலி ஊசியின் பெயரைக் கேளுங்கள்

பந்தலூர் வட்டத்தில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். பாட்டவயல் சாவடிக்கு இந்தப் பக்கம் நீலகிரி, அந்தப் பக்கம் வயநாடு. சேரம்பாடி, அய்யன்கொல்லி, எருமாடு பக்கங்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒன்றிரண்டு கறவை மாடுகள்தாம் கூலிக்கு அப்பால் உள்ள வருமானம். இலங்கையிலிருந்து திரும்பி வந்து குடியேறியவர்களும் அவர்களில் பலர். மாட்டுக்கு மடி வீங்கினாலும், கால் நொண்டினாலும், காய்ச்சல் அடித்தாலும் முதலில் கேட்பது வலி ஊசியைத்தான். கேட்பதில் தவறே இல்லை. வலியில் நிற்கும் மாடு தீவனம் எடுக்காது, பாலும் இறங்காது. எந்த மருந்தைப் போடுகிறோம் என்பதைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் ஒரு காலத்தில் இந்தியா முழுவதும் இருந்தன. 1992 முதல் 2007 வரையிலான பதினைந்து ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவே எஞ்சியது. கருங்கழுத்துப் பாறுகள் ஏறத்தாழ 97 சதவீதம் குறைந்தன. ராஜஸ்தானின் பரத்பூரில் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் இந்த வீழ்ச்சியைக் கண்டு எச்சரித்தபோது, ஏதோ தொற்றுநோய் என்றுதான் பலரும் நினைத்தார்கள். காரணத்தைக் கண்டறிந்தது பாகிஸ்தானில் ஆய்வு செய்த குழு. லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான அந்தக் குழு, இறந்த பாறுகளின் சிறுநீரகத்தில் டைக்ளோஃபினாக் எச்சம் இருப்பதை 2004-இல் நேச்சர் இதழில் வெளியிட்டது. மாட்டுக்கு வலிக்காகப் போட்ட அதே மருந்துதான்.

பாறின் சிறுநீரகம் இந்த மருந்தால் செயலிழந்துவிடும். வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் ஈரல், இதயம் முதலான உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படியும். சில நாட்களில் பறவை இறந்துவிடும். ஊசி போட்ட எல்லா மாடுகளாலும் இது நேர்வதில்லை. ஊசி போட்டு ஓரிரு நாளில் மாடு இறந்து, உடலில் மருந்து மிச்சமிருக்கும்போது பாறுகள் தின்றால்தான் ஆபத்து. ஆனால் ஒரு பிணத்தைச் சுற்றிக் கூட்டமாக இறங்கித் தின்பது இவற்றின் வழக்கம். பாறுகள் உண்ணும் கால்நடைப் பிணங்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவற்றில் நஞ்சு இருந்தாலே இத்தனை பெரிய வீழ்ச்சிக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரே முட்டை இடும், இனப்பெருக்க வயதுக்கு வர ஐந்தாண்டு ஆகும் பறவை, இந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்?

பறவை போனால் போகட்டும் என்று சொல்பவர்களிடம் ஓர் ஆய்வைச் சுட்டிக்காட்டுவேன். அமெரிக்கப் பொருளியல் ஆய்விதழில் 2024-இல் வந்தது அது. பாறுகள் அழிந்த மாவட்டங்களில் அழுகிய பிணங்களால் தண்ணீர் கெட்டதும் தெருநாய்கள் பெருகியதும் சேர்ந்து, 2000 முதல் 2005 வரை கூடுதலாக ஏறத்தாழ 5 லட்சம் மனித உயிர்கள் போயிருக்கும் என்று அதை எழுதியவர்கள் மதிப்பிடுகிறார்கள்.

சட்டம் வேகமாகவே தொடங்கியது. 2006-இல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் கால்நடை டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தன. வங்கதேசம் 2010-இல் சேர்ந்துகொண்டது. பகையும் சந்தேகமும் நிறைந்த இந்த அண்டை நாடுகள் ஒரு பறவைக்காக ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே முடிவுக்கு வந்தது எனக்கு இன்றும் நம்பிக்கை தரும் செய்தி. மாற்று மருந்தான மெலோக்சிகாம் பாறுகளுக்குப் பாதுகாப்பானதா என்ற சோதனையை முதலில் தென்னாப்பிரிக்காவில் அங்குள்ள பாறுகளைக் கொண்டு செய்தார்கள். பிறகுதான் இந்தியாவில் நம் பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2006-இல் முடிவு வந்தது: பாதுகாப்பானது.

ஓட்டை வேறிடத்தில் இருந்தது. கால்நடைக்குத் தடை, மனிதருக்கு அனுமதி. மனிதருக்கான டைக்ளோஃபினாக் அப்போது 30 மில்லி குப்பியிலும் வந்தது. மனிதருக்கு ஒரு தடவைக்கு 3 மில்லி போதும் என்னும்போது இத்தனை பெரிய குப்பி யாருக்காக என்பது எல்லோருக்கும் தெரியும். மத்திய அரசு 2015-இல் 3 மில்லிக்கு மேற்பட்ட குப்பியைத் தடை செய்தது. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன; சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் தடையை உறுதி செய்தது.

இருந்தும் எங்கள் பக்கத்தில் அது முற்றிலும் நின்றுவிடவில்லை. தோட்ட லயனில் ஒரு மாட்டைப் பார்க்கப் போனபோது, தொழுவத்து மூலையில் உடைத்துப் போட்ட சின்னக் குப்பிகள் ஐந்தாறு கிடந்தன. எல்லாம் மனிதருக்கானவை, ஒரு மாட்டின் எடைக்கு அத்தனை குப்பிகள் தேவைப்பட்டிருக்கும். ஊசி போடத் தெரிந்த ஒருவர் எல்லை தாண்டி ஒரு மருந்துக்கடையில் வாங்கி வந்து போட்டிருக்கிறார். "மனிதருக்கே போடுகிற மருந்து மாட்டை என்ன செய்துவிடும் டாக்டர்?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். "மாட்டை ஒன்றும் செய்யாது அம்மா. இந்த மாடு நாளைக்கே இறந்துபோனால், அதைத் தின்ன வருகிற பாறுகளைக் கொன்றுவிடும்" என்றேன். அவருக்கு அதை அதுவரை யாரும் சொன்னதே இல்லை. கடையில் விற்றவரும் சொல்லவில்லை. சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது; கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே மத்தியச் சட்டம்தான்.

சட்டத்தின் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் வேறு. டைக்ளோஃபினாக்கைத் தடை செய்த பிறகும் அசெக்ளோஃபினாக் என்ற இன்னொரு வலி மருந்து விற்பனையில் இருந்தது. அது மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். இதை ஆய்வு நிறுவியது 2016-இல். அதற்கும், பாறுகளைக் கொல்லும் மற்றொரு வலி மருந்தான கீட்டோபுரோஃபெனுக்கும் தடை வந்தது 2023 ஜூலையில். கீட்டோபுரோஃபெனை வங்கதேசம் 2021-லேயே நிறுத்திவிட்டது. அதே வகையைச் சேர்ந்த நிமெசுலைடுக்கு இங்கே தடை வந்தது இவற்றுக்கும் பிறகு. பறவைகள் செத்து, ஆய்வு நடந்து, அறிவிக்கை வந்து, அதற்குள் வேறொரு மருந்து கடைக்கு வந்துவிடுகிறது. கால்நடைக்கான புதிய வலி மருந்து எதுவானாலும், பாறுகளுக்குத் தீங்கில்லை என்று நிறுவிய பிறகே உரிமம் தர வேண்டும். இப்போது நிரூபிக்கும் பொறுப்பு பறவைகளின் பிணங்கள் மேல் இருக்கிறது. அது மருந்து தயாரிப்பவர் மேல் இருக்க வேண்டும். ஐரோப்பாவும் இதில் நமக்கு முன்மாதிரி இல்லை. நம் நாட்டில் நடந்ததெல்லாம் தெரிந்த பிறகும் ஸ்பெயின் 2013-இல் கால்நடை டைக்ளோஃபினாக்கை அனுமதித்தது. 2020-இல் அங்கே கருங்கழுகு எனப்படும் பாறு இனத்தின் குஞ்சு ஒன்று அதே மருந்தால் இறந்துகிடந்தது.

நம் காட்டின் நிலைமையையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து 2023-இல் ஒரே நேரத்தில் பாறுகளைக் கணக்கெடுத்தன. பிப்ரவரியில் 246, டிசம்பரில் 320. இந்த வேறுபாட்டை உடனே வளர்ச்சி என்று கொண்டாட நான் தயங்குவேன். எத்தனை இடங்களில் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தும் எண்ணிக்கை மாறும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் நீர்மருது மரங்களில் கூடு கட்டும் பாறுக்கும் வயநாட்டு முத்தங்காவில் இரை தேடும் பாறுக்கும் இடையே வேலி கிடையாது. கேரளத்தில் பாறுகள் எஞ்சியிருப்பது வயநாட்டில் மட்டும்தான். இந்த மூன்று மாநிலக் காட்டில் இருக்கும் சில நூறு பறவைகளுக்கு, எல்லையோரத் தொழுவம் ஒன்றில் தவறான ஊசி போடப்படுவது சிறிய விஷயம் அல்ல.

உங்கள் மாட்டுக்கு யார் ஊசி போட்டாலும் குப்பியை வாங்கிப் பெயரைப் படியுங்கள். மெலோக்சிகாம், டோல்ஃபெனமிக் அமிலம் இரண்டும் பாறுகளுக்குப் பாதுகாப்பானவை என்று சோதித்து அறியப்பட்டவை. டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென், நிமெசுலைட் எதுவும் வேண்டாம். ஃபுளூனிக்சின் என்ற வலி மருந்தையும் நான் போடுவதில்லை, அதனால் பாறுகள் இறந்ததற்குச் சான்று இருக்கிறது. மெலோக்சிகாம் கொஞ்சம் மெதுவாகக் கேட்கிறது என்று சிலர் குறைப்படுகிறார்கள். மாட்டின் எடைக்கு ஏற்ற அளவில், சரியான இடத்தில் போட்டால் என் அனுபவத்தில் வலியும் காய்ச்சலும் நன்றாகவே குறைகின்றன. அவசரத்துக்குக் கால்நடை மருத்துவ உதவி எண்ணான 1962-ஐ அழைக்கலாம்.

மாடு இறந்துவிட்டால் கடைசியாக என்ன ஊசி போட்டது என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். பெயர் தெரியாத வலி ஊசி போட்டு ஒரு வாரத்துக்குள் இறந்திருந்தால் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். காட்டோரம் இழுத்துப் போட வேண்டாம். புலியோ சிறுத்தையோ அடித்த மாடாக இருந்தால் கோபம் வரும், எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தப் பிணத்தில் பூச்சிமருந்து தடவாதீர்கள். 2023 செப்டம்பரில் இதே நீலகிரியில், அவலாஞ்சி அருகே நஞ்சு வைத்த மாட்டைத் தின்று இரண்டு புலிகள் இறந்தன, மாட்டுக்காரர் கைதானார். அப்படிப்பட்ட பிணத்தின் மேல் பாறுக் கூட்டம் இறங்கினால் ஒரே நாளில் எத்தனை போகும் என்று எண்ணிப் பாருங்கள். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள், இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள். அதற்கு மாட்டின் இறப்புச் சான்று தேவைப்பட்டால் உடற்கூறு ஆய்வுக்கு என்னைப் போன்ற கால்நடை மருத்துவர்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம்.