கிடங்கு கட்டக் கடன், மூன்று சதவீத வட்டிச் சலுகை: வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் கிடைப்பதும் கிடைக்காததும்

பறித்த தக்காளி அன்றே மண்டிக்குப் போயாக வேண்டும். ஊரெல்லாம் ஒரே வாரத்தில் பறித்தால், விலையை வாங்குபவர்தான் சொல்வார். லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய பொறியியல் ஆய்வு நிறுவனம் 2015இல் வெளியிட்ட கணக்கின்படி தக்காளியில் 12 சதவீதத்துக்கு மேலும், கொய்யாவில் ஏறக்குறைய 16 சதவீதமும் அறுவடைக்கும் கடைக்கும் இடையில் வீணாகின்றன. அழுகியதால் போகும் பணம் இது. அழுகிவிடுமே என்ற பயத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டதால் போகும் பணம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

கிடங்கும் குளிர்பதன அறையும் இருந்தால் காத்திருக்கலாம். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் சராசரி நில உடைமை 1.08 ஹெக்டேர். 86 சதவீதம் பேர் சிறு, குறு விவசாயிகள். பயிர்க்கடன் வாங்கப் பழகிய இவர்களுக்கு ஐம்பது லட்சம், ஒரு கோடி என்று ஏழாண்டுக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்குகின்றன. இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2020 ஜூலையில் மத்திய அமைச்சரவை வேளாண் உட்கட்டமைப்பு நிதிக்கு ஒப்புதல் கொடுத்தது. மொத்தம் ஒரு லட்சம் கோடி ரூபாய்.

அந்தத் தொகையைக் கேட்டதும் பலர் அரசு மானியம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு லட்சம் கோடியும் வங்கிகள் தரும் கடன்தான். அரசு தருபவை இரண்டு: வட்டியில் 3 சதவீதச் சலுகை, கடனுக்கு உத்தரவாதம். இரண்டுமே இரண்டு கோடி ரூபாய்க் கடன் வரைக்கும்தான். மூன்று கோடி வாங்கினாலும் முதல் இரண்டு கோடிக்கு மட்டுமே சலுகை உண்டு. அதிகபட்சம் ஏழு ஆண்டுகள். சலுகை பெறும் கடனுக்கு வங்கி 9 சதவீதத்துக்கு மேல் வட்டி போடக் கூடாது. அப்படியானால் உங்கள் கையிலிருந்து போவது அதிகபட்சம் 6 சதவீதம்.

இதைப் பணமாகப் பார்த்தால்தான் புரியும். விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மஞ்சள் சேமிக்க 50 லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு ஆண்டுகளில், ஆண்டுக்கு ஒருமுறை சம அளவாக அசலைக் கட்டுகிறது. முதல் ஆண்டில் அரசு ஏற்கும் வட்டி ஒன்றரை லட்சம். அசல் குறையக் குறைய இதுவும் குறையும். ஏழு ஆண்டுகளையும் கூட்டினால் சுமார் ஆறு லட்சம். நல்ல தொகைதான். ஆனால் நஷ்டத்தில் ஓடும் கிடங்கை ஆறு லட்சம் காப்பாற்றாது. சலுகைக்காகக் கட்டிடம் கட்டாதீர்கள் என்று நான் பார்க்கும் எல்லோரிடமும் சொல்கிறேன். சலுகை இல்லாவிட்டாலும் கட்டியிருப்பீர்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கணிப்பில், வட்டிச் சலுகையைவிட உத்தரவாதம்தான் பெரிய உதவி. சிறு, குறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத அறக்கட்டளை இந்தக் கடனுக்குப் பொறுப்பேற்கிறது. அதற்கான கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு, வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டின் உத்தரவாத நிறுவனம் வழியாகவும் இந்த வசதி உண்டு. நிலப் பத்திரம் இல்லாதவரும் நல்ல திட்டத்தோடு வந்தால் கடன் பெற வேண்டும் என்பதே இதன் நோக்கம். இருந்தும் சில கிளைகளில் முதல் கேள்வியே "அடமானமாக என்ன வைப்பீர்கள்?" என்றுதான் வருகிறது. அப்போது எழுந்து வந்துவிடாமல், இந்தக் கடனை உத்தரவாதத்தின் கீழ் கொண்டுவரக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். மறுப்பதானால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

யார் கேட்கலாம்? தனி விவசாயி, சுய உதவிக் குழு, கூட்டுப் பொறுப்புக் குழு, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், வேளாண் தொழில்முனைவோர், புத்தொழில் நிறுவனங்கள் எல்லோரும் கேட்கலாம். தனியார் ஒருவர் வெவ்வேறு ஊர்களில் 25 திட்டங்கள் வரை எடுக்கலாம்; கூட்டுறவு அமைப்புகளுக்கும் உற்பத்தியாளர் நிறுவனங்களின் கூட்டமைப்புகளுக்கும் அந்த வரம்பு இல்லை.

எதற்குக் கிடைக்கும் என்பதில்தான் நிறையக் குழப்பம். கிடங்கு, குளிர்பதன அறை, சிப்பம் கட்டும் கூடம், தரம் பிரிக்கும் இயந்திரம், பழுக்கவைக்கும் அறை போன்றவற்றுக்கு உண்டு. பருப்பு ஆலை, அரிசி ஆலை, எண்ணெய்ச் செக்கு போன்ற முதல்நிலைப் பதப்படுத்தலுக்கும் உண்டு. பிஸ்கட் ஆலை மட்டும் தனியாகப் போடக் கிடைக்காது. அது இரண்டாம் நிலை; அதாவது, ஏற்கெனவே பதப்படுத்தியதிலிருந்து வேறு பொருள் செய்வது. 2024 ஆகஸ்டில் விதியைத் தளர்த்தி, முதல்நிலையும் இரண்டாம் நிலையும் ஒரே திட்டத்தில் சேர்ந்து வந்தால் ஏற்கலாம் என்றார்கள். இரண்டாம் நிலை மட்டும் செய்யும் சிறு தொழிலுக்கு உணவு பதப்படுத்தும் அமைச்சகத்தின் குறுநிறுவனத் திட்டம் இருக்கிறது. அதில் 35 சதவீத மானியம், உச்சம் பத்து லட்சம் ரூபாய். இத்தகைய வேறு திட்டங்களின் மானியத்தையும் வேளாண் உட்கட்டமைப்பு நிதியோடு சேர்த்துப் பெறத் தடையில்லை. ஆனால் எத்தனை மானியம் வந்தாலும் திட்டச் செலவில் 10 சதவீதமாவது உங்கள் சொந்தப் பணமாக இருக்க வேண்டும்.

அசலைத் திருப்பிக் கட்டத் தொடங்க ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை அவகாசம் பெறலாம். அந்த நாட்களிலும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

விண்ணப்பம் திட்டத்தின் இணையதளத்தில்தான். பதிவு செய்து, விரிவான திட்ட அறிக்கையை ஏற்றி, வங்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அறிக்கையை இடைத்தரகரிடம் காசு கொடுத்து எழுதி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அவர் எழுதும் கணக்கில் கிடங்கு ஆண்டு முழுதும் நிரம்பியே இருக்கும். மஞ்சளுக்கோ நிலக்கடலைக்கோ எத்தனை மாதம் சரக்கு இருக்கும், மீதி மாதங்களில் அந்த இடத்தில் என்ன வைப்பீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். கடன் கிடைத்த பின் அனுமதிக் கடிதத்தில் இந்த நிதியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 3 சதவீதம் கணக்கில் வரவாகிறதா என்று தவறாமல் சரிபாருங்கள்.

இனி, இந்தத் திட்டம் தொடாத இரண்டு இடங்களைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, நடைமுறை மூலதனம். கட்டிடத்துக்குப் பணம் வரும். சரக்கு வாங்கவும் விவசாயிக்கு முன்பணம் தரவும் வராது. பூட்டிக் கிடக்கும் கிடங்குகளின் கதை பெரும்பாலும் இதுதான். குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் வேண்டிய விவசாயி மூன்று மாதம் காத்திருக்க மாட்டார். இதற்கு ஒரு வழி உண்டு. கிடங்கைக் கிடங்கு மேம்பாட்டு ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தால் உள்ளே வைத்த சரக்குக்கு மின்னணு கிடங்கு ரசீது வழங்கலாம். அந்த ரசீதின் பேரில் வங்கி கடன் தரும். கிசான் கடன் அட்டை வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கு அறுவடைக்குப் பின் ஆறு மாதம் வரை வட்டிச் சலுகையும் உண்டு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில், விளைபொருளை ஈடாக வைத்துப் பெறும் பொருளீட்டுக் கடனும் கிடைக்கிறது. கிடங்குக்கு வரைபடம் போடும்போதே இதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

இரண்டாவது, வர்த்தகக் கொள்கை. இதில் எனக்கு ஆற்றாமை உண்டு. வெங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி. அக்டோபரில் குறைந்தபட்ச ஏற்றுமதி விலை டன்னுக்கு 800 டாலர். டிசம்பரில் முழுத் தடை. 2024 மே மாதம் தடை நீங்கியபோது 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40 சதவீத வரியும் மிஞ்சின. செப்டம்பரில் வரி பாதியானது. 2025 ஏப்ரல் முதல் தேதிதான் முழுதாக நீங்கியது. பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் 2023 ஜூலை முதல் 2024 செப்டம்பர் வரை தடை இருந்தது. நகரத்தில் விலை ஏறினால் அரசு தலையிடுவதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் வங்கித் தவணை அந்தப் பதினான்கு, இருபது மாதங்களுக்கு நின்று காத்திருக்கவில்லை. ஒரு கையால் சேமிக்கக் கடன் கொடுத்து, மறு கையால் சேமித்ததை விற்கும் கதவை அடைத்தால் முதலீடு செய்ய யாருக்குத் துணிவு வரும்? தடை வரும் காலத்திலாவது இந்தக் கடன்களுக்குத் தவணையை ஒத்திவைக்கும் விதி வேண்டும் என்பது என் கோரிக்கை. அதுவரை, ஏற்றுமதியை மட்டுமே நம்பித் திட்ட அறிக்கை எழுதாதீர்கள். உள்நாட்டு விலையில் விற்றாலும் தவணை கட்ட முடிகிறதா என்று தனியாக ஒரு கணக்குப் போட்டு வையுங்கள்.

திட்டத்தின் விதிப்படி கடன் வழங்கும் காலம் 2025-26 நிதியாண்டு வரை; வட்டிச் சலுகை 2032-33 வரை தொடரும். ஆகவே செலவு செய்யத் தொடங்கும் முன் புதிய விண்ணப்பம் ஏற்கப்படுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இதைக் கேட்க வேண்டிய இடங்கள் மாவட்ட வேளாண் வணிகத் துணை இயக்குநர் அலுவலகம், முன்னோடி வங்கி மேலாளர், நபார்டின் மாவட்ட வளர்ச்சி மேலாளர்.